மருந்து கேட்கிறதா? அனுபவம், பின்தொடர்ந்து பார்த்தல், குலுக்கல்: எந்த ஆதாரத்தின் பக்கம் சாய்வது

ஒரு மருந்து கேட்கும் என்று சொல்கிறவர்கள் மூன்று விதமான ஆதாரங்களை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். "இத்தனை வருஷமாக இதைக் கொடுத்து வருகிறேன், நன்றாகக் கேட்கிறது" என்பார் மருத்துவர். "இதை எடுத்துக்கொண்டவர்களையும் எடுத்துக்கொள்ளாதவர்களையும் பல வருஷம் பின்தொடர்ந்தோம், எடுத்துக்கொண்டவர்கள்தான் நன்றாக இருக்கிறார்கள்" என்பார் இன்னொருவர். மூன்றாமவரோ, "யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பதை நாங்கள் முடிவு செய்யவில்லை, குலுக்கலில் விட்டோம். அப்புறம் இரண்டு பக்கமும் எண்ணிப் பார்த்தோம்" என்பார். இந்த மூன்றாவது வகைக்குத்தான் ராண்டமைஸ்டு கன்ட்ரோல்டு ட்ரயல், சுருக்கமாக ஆர்.சி.டி. என்று பெயர். இங்கே குலுக்கல் ஆய்வு என்றே சொல்லிக்கொள்கிறேன்.

தனக்கோ வீட்டில் ஒருவருக்கோ ஒரு சிகிச்சையை ஏற்பதா வேண்டாமா என்று நிற்கும் நேரத்தில் இந்த மூன்றும் மூன்று திசையில் இழுக்கலாம். இவற்றை எடைபோட நான் நம்பும் கேள்வி ஒன்றுதான். மருந்து கிடைத்தவருக்கு அது ஏன் கிடைத்தது? கிடைக்காதவருக்கு ஏன் கிடைக்கவில்லை? இதற்கு வருகிற பதிலைப் பொறுத்தே அந்த ஆதாரம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பது இருக்கிறது.

மருத்துவரின் அனுபவம்

அனுபவம் மட்டுமே போதுமான இடங்கள் உண்டு. முதல் வகை நீரிழிவு வந்த குழந்தைகள் உடல் வற்றி இறந்துபோவதுதான் 1922 வரை நடந்தது. அந்த ஆண்டு டொரன்டோவில் முதன்முதலாக இன்சுலின் ஊசி போட ஆரம்பித்தபோது, சாகக் கிடந்த பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்தார்கள். அங்கே ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு தேவைப்படவில்லை. இன்சுலின் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. விளைவு அவ்வளவு பெரிதாகவும், அவ்வளவு சீக்கிரமாகவும், வேறு எதனாலும் நடந்திருக்க முடியாததாகவும் இருந்தால் கண்ணால் பார்த்ததே போதும்.

சிக்கல் என்னவென்றால், இன்று நாம் முடிவெடுக்க வேண்டிய மருந்துகளில் பெரும்பாலானவை அந்த ரகம் இல்லை. நூறு பேரில் பத்துப் பேர் இறக்கும் இடத்தில் எட்டுப் பேர் இறக்கிறார்கள் என்றால் அதுவே மிக நல்ல மருந்து. இந்த அளவு வித்தியாசத்தைத் தனி ஒரு மருத்துவரின் கண் பிடிக்குமா?

மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களில் சிலருக்கு இதயம் இடையிடையே தாளம் தப்பிக் கூடுதலாகத் துடிக்கும். அப்படித் துடிப்பவர்கள் திடீரென்று இறந்துபோகும் வாய்ப்பு அதிகம் என்பது தெரிந்திருந்தது. என்கைனைடு, ஃபிளெக்கைனைடு என்ற மாத்திரைகள் அந்தக் கூடுதல் துடிப்பை அடக்கின. ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தால் கோடு சீராக வந்தது. துடிப்பை அடக்கினால் சாவைத் தடுக்கலாம் என்று நினைப்பதில் யாருக்கும் தவறு தெரியவில்லை. 1980களில் மருத்துவர்கள் நல்ல மனதோடுதான் இதை எழுதிக் கொடுத்தார்கள்.

காஸ்ட் என்ற குலுக்கல் ஆய்வு இதைச் சோதித்தது. இதில் கவனிக்க வேண்டியது, முதலில் எல்லாருக்கும் மருந்தைக் கொடுத்து, யாருக்கு ஈ.சி.ஜி.யில் துடிப்பு அடங்கியதோ அவர்களை மட்டும்தான் குலுக்கலுக்கு எடுத்தார்கள். அதாவது, மருந்து கேட்டது என்று எந்த மருத்துவரும் சத்தியம் செய்யக்கூடியவர்கள் மட்டும். அவர்களில் பாதிப் பேருக்கு அதே மருந்து, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. சராசரியாகப் பத்து மாதம் பின்தொடர்ந்ததில் மருந்து எடுத்த 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்த 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர்.

இதை ஒரு தனி மருத்துவரின் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். அவரிடம் இப்படிப்பட்ட நோயாளிகள் இருபது பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மருந்தே கொடுக்காமல் விட்டிருந்தால் அந்தப் பத்து மாதத்தில் ஒருவர்கூட இறக்காமல் போகலாம், அல்லது ஒருவர் இறந்திருக்கலாம். மருந்து கொடுத்ததில் ஒருவரோ இருவரோ இறக்கிறார்கள். அவ்வளவுதான் அவர் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம். இறந்தவர் ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்தானே, காரணம் தயாராக இருக்கிறது. பிழைத்திருப்பவர்களின் ஈ.சி.ஜி. அழகாக இருக்கிறது. கொல்கிற மருந்தைக் கொடுத்துக்கொண்டே, காப்பாற்றுகிறோம் என்று உண்மையாக நம்புவதற்கு அந்த மருத்துவர் அலட்சியக்காரராக இருக்க வேண்டியதே இல்லை. எண்ணிக்கை அவருக்கு எதிராக இருக்கிறது.

இன்னொன்றும் சேரும். வலியும் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் மருத்துவரிடம் ஓடுகிறோம். உச்சத்துக்குப் போனது பெரும்பாலும் தானாகவே கொஞ்சம் இறங்கும். அந்த நேரத்தில் எதைக் கொடுத்திருந்தாலும் பெயர் அதற்குத்தான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அந்த மருந்து அவருக்கு ஏன் கிடைத்தது என்று கேட்டால், மோசமான கட்டத்தில் இருந்ததால் கிடைத்தது என்பதே விடை. அப்புறம் ஏற்பட்ட முன்னேற்றத்தில் மருந்தின் பங்கு எவ்வளவு, நோயின் போக்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை.

பின்தொடர்ந்து பார்க்கும் ஆய்வுகள்

எண்ணிக்கை போதாது என்ற குறையை இந்த வகை தீர்த்துவிடுகிறது. ஆயிரம், பத்தாயிரம், லட்சம் பேரைக்கூடப் பல வருஷம் பின்தொடரலாம். யாரும் யாருக்கும் மருந்து கொடுப்பதில்லை. அவரவர் வாழ்க்கையில் அவரவர் எடுத்துக்கொள்வதைக் குறித்துக்கொண்டு, பிறகு என்ன ஆனது என்று பார்ப்பதுதான் வேலை. செலவு குறைவு, காலம் நீளம், நிஜ வாழ்க்கைக்கு நெருக்கம். செய்திகளில் "இதைச் சாப்பிடுபவர்களுக்கு அந்த நோய் குறைவு" என்று வருவதில் பெரும்பகுதி இங்கிருந்து வருவதுதான்.

ஆனால் அந்தக் கேள்வியை இங்கேயும் கேட்டுப் பாருங்கள். மருந்து எடுத்தவர் ஏன் எடுத்தார்?

இதற்கு நான் பார்த்தவற்றிலேயே துல்லியமான விடை, அமெரிக்காவில் நடந்த கரோனரி டிரக் புராஜெக்ட் என்ற ஆய்வின் ஒரு சிறு பகுதியில் இருக்கிறது. மாரடைப்பு வந்த ஆண்களுக்குக் கொழுப்பைக் குறைக்கும் குளோஃபைப்ரேட் என்ற மருந்தையும் வெற்று மாத்திரையையும் குலுக்கல் முறையில் கொடுத்தார்கள். மருந்துக் குழுவில், ஒழுங்காக, அதாவது கொடுத்த மாத்திரையில் 80 சதவீதமாவது விழுங்கியவர்களில் ஐந்து ஆண்டுகளில் இறந்தவர்கள் 15.0 சதவீதம். ஒழுங்காக விழுங்காதவர்களில் 24.6 சதவீதம். இதை மட்டும் காட்டியிருந்தால் மருந்து உயிர் காக்கிறது என்று யாரும் நம்பியிருப்பார்கள்.

வெற்று மாத்திரைக் குழுவைப் பாருங்கள். ஒழுங்காக விழுங்கியவர்களில் 15.1 சதவீதம். விழுங்காதவர்களில் 28.2 சதவீதம்.

அந்த மாத்திரையில் மருந்தே கிடையாது. அப்படியிருந்தும் அதைத் தவறாமல் விழுங்கியவர்கள் கிட்டத்தட்டப் பாதி அளவே இறந்திருக்கிறார்கள். மாத்திரையைத் தவறவிடாத மனிதர் வேறு பலவற்றையும் தவறவிடாதவர், அல்லது மாத்திரை விழுங்கும் அளவுக்கு உடம்பு நன்றாக இருந்தவர். 1980இல் வெளியான அந்த அறிக்கையில், நோயாளிகளின் உடல்நிலை பற்றி முன்கூட்டியே பதிந்து வைத்திருந்த 40 விவரங்களைக் கணக்கில் எடுத்துச் சரிக்கட்டியும் பார்த்தார்கள். அப்போதும் இடைவெளி 16.4க்கும் 25.8க்கும் என்று நின்றது. நாற்பது விவரங்களை வைத்துச் சரிக்கட்டியும் மனிதர்களுக்கு இடையிலான வேறுபாடு கரையவில்லை. "வயது, புகை, எடை எல்லாவற்றையும் சரிக்கட்டிவிட்டோம்" என்று ஓர் ஆய்வு சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு எண்கள்தான் நினைவுக்கு வரும். அளக்கத் தெரிந்ததைத்தான் சரிக்கட்ட முடியும்.

இதன் விலை என்ன என்பது ஹார்மோன் மாத்திரை விஷயத்தில் தெரிந்தது. மாதவிடாய் நின்ற பெண்கள் ஹார்மோன் எடுத்துக்கொண்டால் இதயநோய் குறையும் என்று பின்தொடர் ஆய்வுகள் சொல்லிவந்தன. 1976இல் தொடங்கி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களைப் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வில் ஏறத்தாழ 40 சதவீதம் குறைவு என்று வந்தது. அப்புறம் விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற குலுக்கல் ஆய்வில் 16,608 பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை ஒரு பாதிக்கு, வெற்று மாத்திரை மறுபாதிக்கு. எட்டரை ஆண்டு நடக்க வேண்டிய ஆய்வை 2002 ஜூலையில், சராசரியாக 5.2 ஆண்டிலேயே நிறுத்தினார்கள். பத்தாயிரம் பெண்கள் ஓராண்டு எடுத்துக்கொண்டால் இதயநோய் 7 கூடுதல், பக்கவாதம் 8 கூடுதல், நுரையீரலில் ரத்தக்கட்டி 8 கூடுதல், மார்பகப் புற்று 8 கூடுதல். பெருங்குடல் புற்று 6 குறைவு, இடுப்பெலும்பு முறிவு 5 குறைவு.

இதயத்தைக் காக்கும் என்று சொன்ன மாத்திரை இதயத்தைக் காக்கவில்லை. ஹார்மோன் எடுத்த பெண்கள் ஏற்கெனவே உடல்நலத்தில் அக்கறையும் வசதியும் உள்ளவர்களாக இருந்தது ஒரு காரணம். ஆரம்பித்த வயது வேறுபட்டதும் ஒரு காரணம்: குலுக்கல் ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. அந்த இரண்டாவது காரணத்துக்குக் கடைசியில் திரும்ப வருகிறேன், ஏனென்றால் குலுக்கல் ஆய்வை எப்படிப் படிக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது.

குலுக்கல் என்ன செய்கிறது

1947இல் பிரிட்டனில் காசநோய்க்கான புது மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் மிகக் குறைவாகவே கிடைத்தது. காசநோயாளிகள் எல்லாருக்கும் கொடுக்க மருந்து இல்லை. அந்த நிலையில் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்துக்காகப் புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் ஓர் ஏற்பாடு செய்தார். இரண்டு நுரையீரலும் பாதிக்கப்பட்ட இளம் நோயாளிகளை ஒரு குழு பார்த்து, இவர் ஆய்வுக்குத் தகுதியானவர் என்று ஏற்றுக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் வரிசை எண் இட்ட ஒட்டிய உறை ஒன்றைத் திறப்பார்கள். சமவாய்ப்பு எண்களின் பட்டியலைக்கொண்டு முன்பே நிரப்பிய சீட்டு உள்ளே இருக்கும். மருந்தும் படுக்கை ஓய்வும், அல்லது அன்று வழக்கத்தில் இருந்த படுக்கை ஓய்வு மட்டும் என்று அது சொல்லும்.

வரிசையைப் பாருங்கள்: முதலில் ஏற்பு, பிறகு உறை. ஆய்வின் உயிர்நாடியே இதில்தான் என்பேன். அடுத்த சீட்டு என்ன என்று தெரிந்துவிட்டால், நல்ல மனசுக்கார மருத்துவர்கூட, "இந்தப் பையனுக்கு மருந்து கட்டாயம் வேண்டும், கொஞ்சம் பொறுத்துச் சேர்க்கலாம்" என்று ஆளை மாற்றிவிடுவார். ஒற்றைப்படை நாளில் வந்தால் மருந்து, இரட்டைப்படை நாளில் வந்தால் இல்லை என்று பிரிக்கும் ஆய்வுகளில் இது எளிதாக நடக்கும். அவை பார்ப்பதற்குக் குலுக்கல்போல இருக்கும், ஆனால் குலுக்கல் இல்லை. உறையை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உள்ளே இருப்பதைப் படித்த சம்பவங்கள்கூடப் பதிவாகியிருக்கின்றன. இன்று தொலைவில் உள்ள கணினி, நோயாளியின் பெயரைப் பதிந்து முடித்த பிறகே விடை சொல்வது அதனால்தான்.

ஆறு மாத முடிவில் ஸ்ட்ரெப்டோமைசின் பெற்ற 55 பேரில் 4 பேரும், பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தார்கள். எக்ஸ்ரே படங்களைப் படித்தவர்களுக்கு எது யாருடைய படம் என்று சொல்லப்படவில்லை. 107 பேர்தான். ஆனால் "மருந்து கிடைத்தவருக்கு ஏன் கிடைத்தது" என்ற கேள்விக்கு இந்த முறை வேறு பதிலே கிடையாது: சீட்டில் வந்தது, அதனால் கிடைத்தது. பணமும் அக்கறையும் உடல்வலுவும் மருத்துவரின் இரக்கமும் அதில் நுழைய இடமில்லை. அளக்கத் தெரிந்த வேறுபாடுகள் மட்டுமல்ல, அளக்கத் தெரியாதவையும், இன்னும் பெயரே வைக்கப்படாதவையும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் போய்ச் சேர்கின்றன. ஆட்கள் கூடக்கூட அந்தச் சமம் உறுதிப்படும். வெறும் இருபது பேர் உள்ள குலுக்கல் ஆய்வை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்குக் காரணமும் இதுவே. அவ்வளவு சிறிய குலுக்கலில் ஒரு பக்கம் மட்டும் மோசமான நோயாளிகள் சேர்ந்துவிடுவது சகஜம்.

குலுக்கிய பிறகு குழுவைக் கலைக்கவும் கூடாது. மருந்துக் குழுவில் இருந்துகொண்டு மாத்திரையை நிறுத்தியவரையும் மருந்துக் குழுவிலேயே வைத்துத்தான் எண்ண வேண்டும். "ஒழுங்காக எடுத்தவர்களை மட்டும் பார்த்தால் பலன் தெரிகிறது" என்று ஓர் அறிக்கை சொன்னால், அது குலுக்கலைக் கலைத்துவிட்டு மறுபடியும் மனிதர்களின் குணத்தை ஒப்பிடுகிறது. வெற்று மாத்திரையை ஒழுங்காக விழுங்கியவர்கள் பிழைத்த அந்தக் கணக்கு இங்கே அப்படியே பொருந்தும்.

மறைக்க வேண்டுமா, வேண்டாமா

குலுக்கல் ஆய்வுகளுக்குள்ளேயே ஒரு தேர்வு இருக்கிறது. நோயாளிக்கும் மருத்துவருக்கும் யார் எந்தக் குழு என்று தெரியாமல் மறைப்பது ஒன்று. எல்லாருக்கும் தெரிந்தே நடப்பது இன்னொன்று. மறைத்த ஆய்வு எப்போதும் உயர்வு என்று பலர் நினைக்கிறார்கள். எதை அளக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்குத் துளை போட்டு உள்ளே கழுவிச் சுத்தம் செய்யும் அறுவைச் சிகிச்சை ஒரு காலத்தில் ஏராளமாக நடந்தது. செய்துகொண்டவர்கள் வலி குறைந்தது என்றார்கள். 2002இல் வெளியான ஆய்வில் 180 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்குத் தோலில் கீறல் மட்டும் போட்டுத் தைத்து அனுப்பினார்கள். நிஜமான சிகிச்சையா, கீறல் மட்டுமா என்பது நோயாளிகளுக்குத் தெரியாது. இரண்டு ஆண்டு வரை பார்த்ததில், நிஜமாகச் செய்துகொண்டவர்களுக்குக் கூடுதல் நிவாரணம் எதுவும் இல்லை. கீறல் மட்டும் போட்டவர்களுக்கும் வலி குறைந்திருந்தது! வலி, களைப்பு, தூக்கம், மனநிலை என்று நோயாளி சொல்லித்தான் தெரியவரும் எதற்கும் மறைப்பு இல்லாத ஆய்வை நம்பி முடிவெடுக்க நான் தயங்குவேன்.

மரணம் அப்படியல்ல. இறந்தாரா இல்லையா என்பது எதிர்பார்ப்பால் மாறாது. 2020 மார்ச்சில் பிரிட்டனில் தொடங்கிய ரெகவரி ஆய்வு மறைப்பே இல்லாமல் நடந்தது. கொரோனாவால் மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் 2,104 பேருக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, 4,321 பேருக்கு வழக்கமான பராமரிப்பு மட்டும். 28 நாளில் இறந்தவர்கள் மருந்து பெற்றவர்களில் 22.9 சதவீதம், பெறாதவர்களில் 25.7 சதவீதம். செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களில் வித்தியாசம் இன்னும் பெரிது: 29.3, 41.4. விலை மலிவான பழைய மாத்திரை. அதே ஆய்வில், உலகமே தேடி அலைந்த ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைப் பெற்றவர்களில் 27.0 சதவீதம் பேரும், பெறாதவர்களில் 25.0 சதவீதம் பேரும் இறந்தார்கள். பலன் இல்லை. அந்த மாத்திரை கேட்கிறது என்று அனுபவத்திலிருந்து உறுதியாகச் சொன்னவர்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது நமக்கெல்லாம் நினைவிருக்கும். கொரோனா வந்தவர்களில் பெரும்பாலோர் எதைச் சாப்பிட்டாலும், சாப்பிடாவிட்டாலும் பிழைத்தார்கள். அதனால் எதைக் கொடுத்தவருக்கும் வெற்றிக்கதை சொல்ல ஆட்கள் கிடைத்தார்கள்.

"நோயாளியின் உயிரைக் குலுக்கலில் விடுவதா?"

இந்த ஆட்சேபம் மனதைத் தொடுவது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பலன் உறுதியாகத் தெரிந்த மருந்து இருக்கும்போது வெற்று மாத்திரை கொடுப்பது தவறுதான். அங்கே பழைய மருந்தோடு புது மருந்தை ஒப்பிட வேண்டும். ஆனால் பலன் உறுதியாகத் தெரியாதபோது, மருந்து கிடைக்காதவர் ஏமாற்றப்படுகிறார் என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம்.

தலையில் பலத்த அடிபட்டவர்களுக்கு மூளை வீக்கம் குறையட்டும் என்று ஸ்டீராய்டு கொடுக்கும் வழக்கம் 30 வருஷத்துக்கு மேல் இருந்தது. கிராஷ் என்ற ஆய்வில் 10,008 பேரைக் குலுக்கலில் பிரித்தார்கள். இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21.1 சதவீதம், பெறாதவர்களில் 17.9 சதவீதம். 2004இல் ஆய்வையே நிறுத்த வேண்டி வந்தது. நூறு பேருக்கு மூன்று உயிர் கூடுதலாகப் போயிருக்கிறது. குலுக்கல் இல்லாத அந்த முப்பது வருஷத்தில் எத்தனை பேருக்கு அந்த ஊசி அன்போடு போடப்பட்டிருக்கும் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது. தெரியாத மருந்தை எல்லாருக்கும் கொடுப்பதும் சோதனைதான். விடை கிடைக்காத சோதனை.

குலுக்கல் தோற்கும் இடங்கள்

சரி, அப்படியானால் எல்லாவற்றுக்கும் குலுக்கலே போதுமா? இல்லை. இரண்டு இடங்களில் பின்தொடர் ஆய்வுகளின் பக்கம்தான் நிற்பேன்.

ஒன்று, கெடுதலைப் பற்றிய கேள்வி. யாரையும் குலுக்கிப்போட்டு இருபது வருஷம் புகைபிடிக்கச் சொல்ல முடியாது. ஸ்ட்ரெப்டோமைசினுக்குக் குலுக்கல் ஏற்பாடு செய்த அதே பிராட்ஃபோர்டு ஹில், ரிச்சர்டு டாலுடன் சேர்ந்து, புகைக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பைக் குலுக்கல் இல்லாமல் நிறுவினார். 1950இல் புற்றுநோயாளிகளையும் மற்ற நோயாளிகளையும் ஒப்பிட்ட ஆய்வு, 1951இலிருந்து பிரிட்டனின் சுமார் 40,000 மருத்துவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு. இங்கே ஆபத்து பத்து இருபது சதவீதம் கூடவில்லை, பத்து மடங்குக்கும் மேல் கூடியது. புகைக்கும் அளவு கூடக்கூட ஆபத்து கூடியது, நிறுத்தினால் நாளடைவில் குறைந்தது. மனிதர்களின் குண வேறுபாடு அவ்வளவு பெரிய இடைவெளியை உண்டாக்க முடியாது. பின்தொடர் ஆய்வில் நான் முதலில் பார்ப்பது இந்தப் பருமனைத்தான். 20 சதவீதம் என்றால் சந்தேகம், பத்து மடங்கு என்றால் நம்பிக்கை.

இரண்டு, அரிதான பக்கவிளைவு. 3,000 பேர் உள்ள ஆய்வில் ஒரு பக்கவிளைவு ஒருவருக்குக்கூட வரவில்லை என்றாலும், அது ஆயிரத்தில் ஒருவருக்கு வரக்கூடியதாக இருக்கலாம். கணக்கு அவ்வளவுதான் உத்தரவாதம் தரும். ரோட்டா வைரஸால் குழந்தைகளுக்கு வரும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டாஷீல்டு என்ற தடுப்பு மருந்து 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு குழந்தைக்குக் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்வது பரவலாகக் கொடுத்த பிறகுதான் உறுதியானது. 1999இல் திரும்பப் பெற்றார்கள். அதற்கு அடுத்து வந்த இரண்டு ரோட்டா தடுப்பு மருந்துகளுக்கும் தலா 60,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்துக் குலுக்கல் ஆய்வு நடத்த வேண்டியிருந்தது. "ஆய்வில் பக்கவிளைவே இல்லை" என்று யாராவது சொன்னால், எத்தனை பேரிடம் என்று கேளுங்கள்.

உங்கள் முடிவுக்கு வந்தால்

குலுக்கல் ஆய்வு இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. எதை முக்கிய முடிவாக அளக்கப் போகிறோம் என்று ஆரம்பிக்கும் முன்பே பதிவு செய்தார்களா என்று பார்க்க வேண்டும். பெரிய மருத்துவ இதழ்கள் 2005இலிருந்து முன்பதிவு இல்லாத ஆய்வுகளை ஏற்பதில்லை. அளந்தது நோயாளிக்கு வேண்டியதையா, இல்லை ஈ.சி.ஜி. கோடு, ரத்தப் பரிசோதனை எண் போன்ற ஒன்றையா என்றும் பார்க்க வேண்டும்.

அப்புறம், அந்த முடிவு உங்களுக்குப் பொருந்துமா? இதில் இரண்டு பக்கமும் வழுக்கும். 1988இல் வந்த ஐசிஸ்-2 ஆய்வில் 17,187 மாரடைப்பு நோயாளிகள் இருந்தார்கள். ஆஸ்பிரின் ஐந்து வாரத்தில் இதய, ரத்தநாள மரணங்களை 23 சதவீதம் குறைத்தது. ஆய்வாளர்கள் வேண்டுமென்றே நோயாளிகளைப் பிறந்த ராசிப்படி பிரித்துப் பார்த்தார்கள். மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரின் கேட்காததுபோலத் தெரிந்தது! ஒரு பெரிய முடிவைத் துண்டு துண்டாக வெட்டினால் ஏதோ ஒரு துண்டு தற்செயலாகவே தலைகீழாக நிற்கும் என்று காட்டத்தான் அப்படிச் செய்தார்கள். "பெண்களுக்கு மட்டும் பலன்", "எழுபது வயதுக்கு மேல் பலன் இல்லை" என்று பிற்பாடு வெட்டி எடுத்த முடிவுகளை நான் இந்த ராசிக்கணக்கோடு வைத்துத்தான் பார்ப்பேன்.

ஆனால் டெக்ஸாமெத்தசோன் விஷயம் வேறு. ஆக்சிஜன் தேவைப்படாத நோயாளிகளில் அதைப் பெற்றவர்கள் 17.8 சதவீதமும் பெறாதவர்கள் 14.0 சதவீதமும் இறந்தார்கள். மூச்சு உதவி எவ்வளவு தேவைப்பட்டதோ அதன்படி பிரித்துப் பார்ப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தார்கள். நோய் முற்ற முற்றப் பலன் கூடுவதும் படிப்படியாகத் தெரிந்தது. வீட்டிலேயே லேசான காய்ச்சலோடு இருந்தவர்கள் "ஆய்வில் நிரூபணமான மருந்து" என்று அதை வாங்கி விழுங்கியது அந்த ஆய்வுக்கே எதிரானது.

ஹார்மோன் மாத்திரைக்கும் இதே பார்வைதான். 63 வயது சராசரியுள்ள பெண்களிடம், இதயத்தைக் காக்குமா என்ற கேள்விக்கு வந்த விடையை, 50 வயதில் உடல் கொதித்துத் தூக்கமில்லாமல் தவிக்கும் ஒருத்தியின் மேல் அப்படியே போடக் கூடாது. 2002க்குப் பிறகு பயந்துபோய் நிறுத்திய பெண்களில் பலர் இப்படிப்பட்டவர்கள். இதயத்துக்காக என்றால் வேண்டாம் என்ற விடை நிற்கிறது. அந்தத் தவிப்புக்காக என்றால் அவளுடைய கேள்வி வேறு, எடைபோட வேண்டிய எண்களும் வேறு. பத்தாயிரத்தில் ஏழு, எட்டு என்று வந்த ஆபத்துகள் அவள் வயதில் இன்னும் சிறியவை. தூங்காத இரவுகள் அவளுக்கு எவ்வளவு பெரியவை என்பது அவளுக்குத்தான் தெரியும். மருத்துவரிடம் அவள் கேட்க வேண்டியது, "என் வயதில், எத்தனை பேரில் எத்தனை பேருக்கு, எத்தனை வருஷத்தில்?" என்பதை.